என் கணவருக்காக வாங்கினேன்

ஜூன் 3, திங்கள்

பார்சலைக் கடை முகவரிக்கே வரவழைத்தேன். பதினோரு மணிக்கு வந்தது. பில் போடும் கலாராணி எட்டிப் பார்த்து, "என்னக்கா வாங்குனீங்க?" என்றாள். "ஹேர் டிரையர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. என் தலையில் இருக்கிற முடிக்கு விசிறிக் காற்றே போதும்.

வந்திருப்பது காது மிஷின். காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது, சார்ஜ் போடுவது. முதல் மாதம் தினமும் எத்தனை மணி நேரம் மாட்டினீர்கள், எங்கே, எப்படிக் கேட்டது என்று குறித்து வையுங்கள் என்று கூட வந்த தாளில் போட்டிருக்கிறது. ஏதோ ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

எனக்குக் காது கேட்காமல் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். ஜனங்கள்தான் முன்பு போல வாயைத் திறந்து பேசுவதில்லை. மாஸ்க் போட்ட இரண்டு வருஷத்தில் எல்லாரும் முணுமுணுக்கப் பழகிவிட்டார்கள். கழற்றிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிற பார்மசிஸ்ட் நான். ஒரு வசதிக்காக வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

திண்டுக்கல்லில் காது டாக்டர் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் எழுதும் சீட்டெல்லாம் எங்கள் கடைக்குத்தான் வருகிறது. அங்கே இருக்கிற நர்ஸ் முதல் டோக்கன் கொடுப்பவர் வரை எல்லாருக்கும் என்னைத் தெரியும். நான் போய் பெஞ்சில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிடும்.

பத்து நாள் பார்த்துவிட்டு, வாங்கிய ஆன்லைன் தளத்தில் ரிவ்யூ எழுத வேண்டும். இதுவரை அறுபத்து மூன்று ரிவ்யூ எழுதியிருக்கிறேன். மிக்ஸி ஜார் மூடி எத்தனையாவது மாதத்தில் லூஸாகும், எந்தச் செருப்பு மழையில் வழுக்கும், எல்லாம் தமிழில். ‘பெர்னதெத்’ என்று மட்டும் பேர் வரும். கணக்குத் தொடங்கியபோது எனக்கு மெயில் கிடையாது, என் வீட்டுக்காரருடைய மெயிலைத்தான் கொடுத்தேன். என் ரிவ்யூவை நம்பி வாங்கினேன் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதும்போது, உண்மையைச் சொன்னால், சர்ச் பூசையில் வாசகம் வாசிப்பதைவிடப் பெருமையாக இருக்கும்.

ஜூன் 4, செவ்வாய்

வீட்டில் இரண்டு மணி நேரம் மாட்டினேன். குக்கர் விசில் மண்டையைப் பிளந்தது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. எத்தனை நாளாகச் சொட்டுகிறதோ. இவர் சவரம் செய்துகொண்டே பாடுகிறார். இவர் என்பது அருள்தாஸ், என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். கல்யாணமான புதிதில் பாடுவார். நிறுத்திவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

இவரிடம் மிஷினைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை. முடியைத் தளர்த்திக் காதை மூடிப் பின்னிக்கொண்டேன்.

ஜூன் 5, புதன்

நாலு மணி நேரம். வலது காதுக்குப் பின்னால் வலி.

ஜூன் 8, சனி

கடையில் முதல்முறையாக மாட்டினேன். கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில். இந்த மிஷினுக்கு மனிதன் எது, ஹாரன் எது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி பெரிதாக்கித் தருகிறது. கலாராணி சீட்டைக் கிழிப்பது இடி மாதிரி விழுகிறது, எதிரில் நிற்கிற ஆள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார். பன்னிரண்டு மணிக்குக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அப்போது மழை வேறு பிடித்துக்கொண்டது. ஒதுங்கினவர்களும் வாங்க வந்தவர்களுமாகக் கூட்டம். பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்கும் பவுனுத்தாய் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து தைராய்டு மாத்திரை கேட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவள். வழக்கமாகக் காலி டப்பாவைக் கொண்டுவந்து காட்டுவாள். இன்றைக்குக் கொண்டுவரவில்லை, வாயால்தான் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். பார்க்கக்கூட இல்லை, "அக்கா குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். இதை மட்டும் தெளிவாகக் கேட்டேன், ஏனென்றால் கிட்டத்தில் வந்து சொன்னாள்.

பூ வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

இன்று ரிவ்யூ போட்டேன். சார்ஜ் இருபது மணி நேரம் நிற்கிறது, பெட்டி நன்றாக இருக்கிறது, காதில் வைக்கும் ரப்பர் மூன்று அளவில் வருகிறது, மூன்று ஸ்டார்.

ஒரு மணி நேரத்தில் சேலத்துக்காரர் ஒருவர் கீழே எழுதியிருக்கிறார்: "மேடம், யாருக்கு வாங்கினீங்க? என்ன வயசு? எவ்வளவு கேக்காது? எந்த மாதிரி இடத்துல மாட்டிப் பாத்தீங்க? இதெல்லாம் சொல்லாம சார்ஜ் நிக்குதுன்னா, டார்ச் லைட்டுக்கு எழுதுன ரிவ்யூ மாதிரி இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. அறுபத்து மூன்று ரிவ்யூவில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. மிக்ஸிக்கு எழுதும்போது நான் யார் என்று சொல்ல வேண்டியிருந்ததில்லை.

ஜூன் 15, சனி

சேலத்துக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மூன்று நாள் யோசித்துவிட்டு மாற்றி எழுதினேன்:

"என் கணவருக்காக வாங்கினேன். வயது 54. இரண்டு காதும் மந்தம். நேரே பார்த்துப் பேசினால் புரியும், முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் புரியாது. பெண்கள், குழந்தைகள் குரல் கஷ்டம். நாலு பேர் சேர்ந்து பேசினால் எழுந்து போய்விடுவார். கேட்காததைக் கேட்ட மாதிரி தலையாட்டுவார். மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரிப்பார். போன் வந்தால் எங்கள் மகளிடம்கூட இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவார். இந்த மிஷின் போட்டதிலிருந்து வீட்டுக்குள் பரவாயில்லை..."

நிறுத்த முடியாமல் ஒரு பக்கம் எழுதிவிட்டேன். முடித்து வாசித்தபோது அந்த மனுஷன்மேல் பரிதாபமாக இருந்தது.

அரை மணி நேரத்தில் தளத்தில் ஏற்றுக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் பதினெட்டு பேர் உபயோகமாக இருந்தது என்று அழுத்தியிருக்கிறார்கள். சேலத்துக்காரர் நன்றி சொல்லியிருக்கிறார்.

ஜூன் 17, திங்கள்

இவர் இப்போதெல்லாம் எதைச் சொல்வதானாலும் அடுப்படிக்குள் வந்து எனக்கு எதிரில் நின்று சொல்கிறார். ரசத்துக்கு உப்புப் போதும் என்று சொல்ல இத்தனை தூரம் நடந்து வர வேண்டுமா? மனுஷனுக்கு ஆபீசில் வேலை இல்லை போலிருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

ரிவ்யூவின் கீழே ஒரு கேள்வி. மங்கை என்று பேர்.

"அக்கா, என் தங்கச்சி ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா. ஒரு வருஷமா காது சரியில்ல. டாக்டர் சொல்ற டோஸைக் குறிச்சுக்கணும், போன்ல சொல்றதையும் குறிச்சுக்கணும். உங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறாரா? இதை மாட்டிக்கிட்டு வேலையில தப்பு வராம சமாளிக்க முடியுதா? வெளிய சொன்னா வேலை போயிரும்னு பயப்படுறா."

ஜூன் 23, ஞாயிறு

மூன்று நாளாக அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. பதில் எழுதாமல் விட்டால் அந்தப் பெண் பாவம். பூசை முடிந்து வந்து எழுதினேன்:

"கவலைப்பட வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். என் கணவர் மருந்துக்கடையில்தான் வேலை பார்க்கிறார். இந்த மிஷினோடு நன்றாகச் சமாளிக்கிறார். இதுவரை ஒரு தப்பும் நடந்ததில்லை."

மின்வாரியத்துக்காரரை மருந்துக்கடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். ஆனால் மற்றதெல்லாம் உண்மைதான். மிஷினைக் கடையில் மாட்டுவதில்லை என்பதை எழுதவில்லை. அது பெரிய விஷயம் இல்லை.

ஜூன் 24, திங்கள்

திருப்பி அனுப்ப இன்று கடைசி நாள். அனுப்பவில்லை. வீட்டில் மட்டும் இரண்டு மணி நேரம்.

ஜூன் 27, வியாழன்

மங்கை மறுபடியும் எழுதியிருக்கிறாள். "ரொம்ப தைரியமா இருக்கு அக்கா. உங்களை நம்பி ஆர்டர் போட்டாச்சு. நேத்து வார்டுல டாக்டர் சொன்னதை மூணு தடவை திருப்பிக் கேட்டதுக்கு, தூங்குறியான்னு எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டிட்டார். இனிமே தங்கச்சிக்கு அந்தப் பிரச்சினை இருக்காது."

‘என்னை’ என்று எழுதியிருக்கிறாள். ஒருமுறை வாசித்ததும் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தங்கச்சி யாரும் கிடையாது.

அந்தப் பொய்யை நான் எப்படி அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தேன் என்று யோசிக்க விரும்பவில்லை. பதில் எழுதாமல் போனை மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 3, புதன்

பவுனுத்தாய் வந்தாள். மாத்திரைக்கு இல்லை, சத்து டானிக் கேட்டு வந்திருக்கிறாள். முகம் உப்பியிருந்தது.

"ஒடம்பே முடியலக்கா. பூவக் கட்டிக்கிட்டு இருக்கும்போதே தூங்கி விழுறேன். குளுருது வேற. இந்த வெயில்ல யாருக்காச்சும் குளுருமா? எம்மகன், வேல செய்யச் சோம்பேறித்தனம்னு ஏசுறான்."

"தைராய்டு மாத்திரையை ஒழுங்காப் போடுறியா?"

"காலைல மார்க்கெட்டுக்குப் போறப்பவே வெறும் வயித்துல போட்ருவேன். பையிலயே கெடக்கு பாருங்க." டப்பாவை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள்.

அதில் இருபத்தஞ்சு மைக்ரோகிராம் என்று இருந்தது.

அவளுக்கு எழுபத்தஞ்சு. ஐந்து வருஷமாக எழுபத்தஞ்சு.

எழுபத்தஞ்சு டப்பா ஒன்றை எடுத்து, "கம்பெனியில மாத்திட்டாங்க, இனிமே இதைப் போடு" என்று கொடுத்தேன். பழைய டப்பாவை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டேன். டானிக்கையும் கொடுத்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஜூலை 4, வியாழன்

கலாராணி சாப்பிடப் போயிருந்தபோது கம்ப்யூட்டரில் ஜூன் எட்டாம் தேதி பில்லை எடுத்துப் பார்த்தேன். இருபத்தஞ்சு என்றுதான் இருக்கிறது. மழைச் சத்தம். அவளே மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

மாற்றிச் சொல்லவில்லை. ஐந்து வருஷமாக ஒரே எண்ணைச் சொல்கிறவள் எதற்கு மாற்றிச் சொல்லப்போகிறாள்? எழுபத்தஞ்சு, இருபத்தஞ்சு. வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். முதல் இரண்டு எழுத்து தப்பினால் இரண்டும் ஒன்றுதான். சீட்டு எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். பழைய பில்லைப் பார்த்திருக்க வேண்டும். இவையெல்லாம் எனக்குத் தெரியாததில்லை.

ஜூலை 5, வெள்ளி

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூலை 7, ஞாயிறு

பூசை முடிந்து வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்டார்: "பெர்னா, எனக்கு எப்பருந்து காது கேக்கல?"

கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தேன்.

"ஒனக்கு வர்ற கமெண்டெல்லாம் எம் போனுக்குத்தான் மெயில்ல வருது. மறந்துட்டியா? அன்னிக்கே படிச்சுட்டேன். மொதல்ல சிரிப்பு வந்துச்சு. என்னைச் செவிடாக்கிட்டாளேன்னு. பெறகு மருந்துக்கடையில வேலைக்கும் சேத்துவிட்டுட்ட. அப்பறம் இன்னொரு தடவ படிச்சேன். ‘கேட்காததைக் கேட்ட மாதிரி தலையாட்டுவார்’னு எழுதியிருந்த பாரு..."

தண்ணீர் குடித்தார்.

"நாலு வருசமா நீ எம்மேல கோவமா இருக்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். கூப்புட்டா திரும்ப மாட்ட. ஏதாச்சும் சொன்னா ‘ம்’னுட்டுப் போயிருவ. ஷெரின் போன் பண்ணி, அம்மா ஏம்ப்பா எங்கிட்டப் பேசவே மாட்டேங்குறாங்கன்னு ஒரு நா அழுதுச்சு. நீ படுத்துட்டன்னு சமாளிச்சேன்."

ஷெரின் எங்கள் மகள், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள் அழுதது எனக்குத் தெரியாது.

"ஏங்க அன்னிக்கே கேக்கல?"

"நீயாச் சொல்லுவன்னு பாத்தேன்."

பவுனுத்தாய் விஷயத்தையும் சொன்னேன். டப்பாவை மாற்றிக் கொடுத்துவிட்டு, கம்பெனி மாற்றிவிட்டது என்று சொன்னதையும் சொன்னேன். இவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "மொதலாளி பாய்கிட்ட சொல்லிரு" என்றார். "பவுனுத்தாயிகிட்டயும் சொல்லிரு. ஒன் காதப் பத்தி ஊருக்குச் சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம். ஆனா அவ ஒடம்புக்கு என்ன ஆச்சுன்னு அவளுக்குத் தெரியணும்."

ஜூலை 8, திங்கள்

கடை முதலாளி காஜா மைதீன் பாய் ஒன்பது மணிக்கு வந்தார். உட்காரவிடாமல் சொல்லிவிட்டேன். நிற்காமல் சொன்னால்தான் சொல்ல முடியும் என்று தெரியும்.

அவர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "லைசென்சு ஒம் பேருல ஓடுதும்மா" என்றார். "இத்தன வருசத்துல ஒரு ஆளு எங்கடையில மருந்து வாங்கி ஒடம்பு கெட்டுப்போச்சுன்னு வந்ததில்ல. இப்ப நா யாருன்னு தேடுறது?"

சீட்டு இல்லாமல் வாய்வார்த்தையில் கொடுத்த மருந்துகளின் பில்லையெல்லாம் எடுக்கச் சொன்னார். மூன்று மாதத்துக்கு. கலாராணி வாசிக்க வாசிக்க, தெரிந்தவர்களுக்கெல்லாம் பாய் தானே போன் போட்டுக் கேட்டார். சாயங்காலம் வரை ஆயிற்று. இன்னொன்று அகப்பட்டது. நாகல்நகர்க்காரர் ஒருவருக்கு வயிற்றுவலி மாத்திரைக்குப் பதில் வேறு கொடுத்திருக்கிறேன். அவர் மாத்திரையின் பேரைப் பார்த்து, சாப்பிடாமல் வைத்துவிட்டாராம். சண்டைக்கு வருவானேன் என்று திருப்பித் தரவும் இல்லையாம்.

"காதப் பாத்துட்டு வாம்மா. அதுவரைக்கும் கவுண்டருக்கு வராத. பின்னால சரக்கு எண்ணு, காலாவதியானதப் பிரி. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

சரி என்றேன். திரும்பும்போது கலாராணி மெதுவாக, ஆனால் என் முகத்துக்கு நேரே வந்து கேட்டாள்: "அப்ப அது ஹேர் டிரையர் இல்லையாக்கா?"

ஜூலை 9, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு வாசலில் பவுனுத்தாயின் எதிரில் போய் உட்கார்ந்தேன். மிஷினை மாட்டியிருந்தேன், முடியை ஏற்றிக் கட்டியிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பூக்கட்டும் கை நிற்கவே இல்லை.

"அன்னிக்கு வேற டப்பா குடுத்தீங்களே. அப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் கம்பெனி மாத்திருச்சுன்னியா?" நீங்க போய் நீ ஆகிவிட்டது. "ஒரு மாசமா எம்மகன் பேசாத பேச்செல்லாம் பேசுனான். எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நாந்தான் ஒடம்ப வளத்துக்கிட்டு சோம்பேறியாப் போயிட்டனோன்னு. காது கேக்காதது ஒரு குத்தமாக்கா? அத யாரு கேட்டா? வாய் இருந்துச்சுல்ல ஒனக்கு?"

ரத்தம் டெஸ்ட் பண்ண வேண்டும், நான் கூட வருகிறேன் என்றேன். "நா போய்க்கிறேன்" என்றாள். ஒரு அம்மாள் மல்லிகை கேட்டு வந்தாள். பவுனுத்தாய் அவள் பக்கம் திரும்பிவிட்டாள். நான் எழுந்து வந்தேன்.

ஜூலை 10, புதன்

ரிவ்யூவை மாற்றி எழுதினேன். இந்தமுறை ஒன்றையும் விடவில்லை. என் முழுப்பேர், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு, கடை, பவுனுத்தாய், மாத்திரையின் பேர், டப்பாவை டிராயருக்குள் போட்டது, எல்லாம். போட்டவுடன் மனசு லேசானது போல இருந்தது.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: தனிப்பட்ட விவரங்கள் இருப்பதால் உங்கள் பதிவை வெளியிட இயலவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய்யை அரை மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டவர்கள்.

இவர் வாங்கிப் படித்தார். "அவங்க சொல்றதும் சரிதான். பவுனுத்தாய் பேர எதுக்குப் போட்ட? அவட்டக் கேட்டியா? மொதல்ல என்னைய எடுத்து எழுதுன, இப்ப அவள எடுத்து எழுதியிருக்க. பாய் கடை என்ன பண்ணுச்சு? ஒன்னோடத மட்டும் எழுதேன்."

ஜூலை 12, வெள்ளி

என்னுடையது எது என்று பிரித்து எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. கடை போயிற்று, ஊர் போயிற்று. பூ விற்கிறவள் என்பதையும் எடுத்துவிட்டேன். இந்த ஊர்க்காரர் யார் படித்தாலும் அடையாளம் தெரிந்துவிடும். மீதி இருந்தது இவ்வளவுதான்:

"திருத்தம். என் கணவருக்காக வாங்கினேன் என்று எழுதியிருந்தேன். எனக்காகத்தான் வாங்கினேன். வயது 51. நாலு வருஷமாகச் சரியாகக் கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டவில்லை. அடுத்தவர் சொல்வதைச் சரியாகக் கேட்க வேண்டிய வேலை எனக்கு. அமைதியான வீட்டுக்குள் இந்த மிஷின் உதவுகிறது. கூட்டத்திலும் சத்தத்திலும் உதவவில்லை, கழற்றிவிட்டேன். கழற்றி வைத்திருந்தபோது ஓர் எண்ணைத் தப்பாகக் கேட்டு ஒருவர் உடம்பைக் கெடுத்துவிட்டேன். ஒரு தப்பும் நடந்ததில்லை என்று கீழே பதில் எழுதியிருக்கிறேன். அது பொய். அதை நம்பி வேலைக்குப் போக வேண்டாம். முதலில் காதைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு ஸ்டார்."

ஏற்றுக்கொண்டார்கள். மங்கையின் கேள்விக்குக் கீழேயும் தனியாக எழுதினேன்: "தங்கச்சியை உடனே பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். நான் சொன்னது தப்பு."

ஜூலை 14, ஞாயிறு

ஒருவர்: "இதையெல்லாம் இங்க எதுக்கு எழுதுறீங்க? சவுண்ட் எப்படின்னு மட்டும் சொல்லுங்க." இன்னொருவர்: "உங்களை எல்லாம் ஜெயில்ல போடணும்." சேலத்துக்காரர் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் உபயோகமாக இருந்தது என்பதில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.

மங்கையிடமிருந்து பதில் இல்லை.

ஷெரினுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் வாயைப் பார்த்துப் பேசினால் ஓரளவு புரிகிறது. நாற்பது நிமிஷம் பேசினோம். அவள் ஆபீஸ் கேண்டீன் சாம்பாரைப் பற்றித்தான் பாதி நேரம்.

ஜூலை 22, திங்கள்

மதுரையில் காது பரிசோதனை. இவர் லீவு போட்டுக் கூட வந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் ஒரு சத்தமும் வரவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, ஆரம்பித்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது.

பரிசோதித்த பெண்ணுக்கு ஷெரின் வயதுதான் இருக்கும். "கீச்சுன்னு இருக்கிற சத்தமெல்லாம் உங்களுக்குப் போயிருச்சும்மா. பேச்சு கேக்கும், வார்த்தை பிரியாது. ஆள் பேசுறது தெரியும், என்ன பேசுறாங்கன்னு தெரியாது. அதனாலதான் எல்லாரும் முணுமுணுக்கிற மாதிரி இருந்திருக்கும்" என்றாள். நான் ஒன்றுமே சொல்லாமல் எப்படி அதே வார்த்தையைச் சொன்னாள்?

என் காதின் அளவுக்கு அமைத்த மிஷின் தருகிறார்கள். பத்து நாளில் வரும். இப்போது இருப்பதை என்ன செய்வது என்று கேட்டேன். "யாருக்கும் குடுத்துறாதீங்க. அவங்க காது வேற" என்றாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

புது மிஷினோடு மறுபடியும் கவுண்டர். பாய் இரண்டு விதி வைத்திருக்கிறார். சீட்டு இல்லாமல் வருகிறவர்கள் மருந்தின் பேரையும் அளவையும் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதி, கலாராணி வாசித்து, அவர்கள் ஆமாம் சொல்ல வேண்டும். தாளையெல்லாம் கம்பியில் குத்தி வைக்க வேண்டும்.

காலையில் முதலில் வந்தவரிடம், "எனக்குக் காது கொஞ்சம் மந்தம், எழுதிக் காட்டுங்க" என்று சொல்வதற்கு முன் தாளை இரண்டு தடவை நேராக்கி வைத்தேன். சொல்லிவிட்டேன். அவர், "பேனா குடுங்க" என்றார். அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு வந்த ஒரு அம்மாள், "அப்ப வேற ஆளு இல்லையா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள். அவள் போனதில் தப்பில்லை.

பவுனுத்தாய்க்கு டெஸ்டில் இப்போது சரியாகிவிட்டதாம், கலாராணி கேட்டு வந்து சொன்னாள். மாத்திரையும் எதிர்க்கடையில்தான் வாங்குகிறாளாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மங்கை எழுதிவிட்டாள்.

"தங்கச்சி இல்ல. நான்தான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். உங்க பதிலை நம்பி மூணு வாரம் வார்டுல நின்னேன். நல்லவேளை ஒண்ணும் ஆகல. உங்க திருத்தத்தைப் பாத்துட்டு ரொம்பத் திட்டினேன், வாய்விட்டே திட்டினேன். அப்புறம் மேட்ரன்கிட்ட சொன்னேன். வேலை போகல, ரெக்கார்டு ரூமுக்கு மாத்திட்டாங்க. எனக்கு அந்த ரூம் பிடிக்கல. இன்னும் கோவம் போகல அக்கா. நீங்க எந்த ஊர்னு கேக்க மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க."

கேட்கவில்லை. "மன்னித்துவிடுங்கள் மங்கை" என்று மட்டும் எழுதினேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

புது மிஷின் பத்து மணி நேரம். வலி இல்லை.

ஆறு மணி வாக்கில் ஒருவர் வந்தார். நல்ல பருமன், அறுபது வயது இருக்கும். இரண்டு மூன்று மாதமாக வருகிறவர்தான். அம்மாவுக்கு என்று சொல்லி, பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் டயப்பர் மீடியம் சைஸ் வாங்கிப் போவார். ஒவ்வொரு தடவையும் யாரும் இல்லாத நேரம் பார்த்து வருவார்.

இன்று மீடியத்தை எடுத்து வைத்ததும் வாங்காமல் நின்றார். ஏதோ சொன்னார். பின்னால் பஸ் ஹாரன். "மன்னிச்சுக்கங்க, எனக்குக் காது மந்தம். எழுதிக் காட்டுறீங்களா?" என்று தாளையும் பேனாவையும் நகர்த்தினேன்.

அவர் ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தார். கலாராணி கம்ப்யூட்டரில் இருந்தாள். குனிந்து கொஞ்ச நேரம் எழுதினார். எழுதிவிட்டுத் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார், கையால் பாதியை மூடியபடி.

"இந்த சைஸ் பத்தவில்லை. ஓரத்தில் கசிகிறது. அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. எனக்குத்தான்."

நான் தலையாட்டினேன். இந்தமுறை புரிந்துதான் ஆட்டினேன். மீடியத்தை உள்ளே வைத்துவிட்டு எக்ஸ்ட்ரா லார்ஜ் எடுத்தேன். இடுப்பில் எங்கே ஒட்ட வேண்டும் என்று பாக்கெட்டின் படத்தைக் காட்டினேன். ஒரு டாக்டரைப் பார்த்தால் இதற்கு வைத்தியம் உண்டு என்று தாளின் கீழேயே எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "சரிங்கம்மா" என்றார். நன்றாகக் கேட்டது.

பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். தாளைக் கம்பியில் குத்தவில்லை. அவர் பார்க்கும்படியாகவே நாலாகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, குப்பைக்கூடையில் போட்டேன்.